நஞ்சு தீண்டிய வேளையில் முதற்கை நீட்டுவோர் அறிய வேண்டியவை

(திருவிழாத் தொண்டர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொண்டர்களுக்கு முதலுதவியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று தலைவர் அவர்கள் பணித்தார்கள். வெயிலில் மயங்கி விழுவோர், நெரிசலில் அடிபடுவோர், தீமிதியில் கால் வெந்தோர் ஆகியோரைக் கவனிக்கும் முறைகளை ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருகின்றார்கள். ஆகவே நான் நஞ்சைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். மங்கலமான நாளில் இப்படியொரு பேச்சா என்று ஓர் அன்பர் முகம் சுளித்தார். ஆலகாலத்தைக் கண்டத்தில் தாங்கிய பெருமானின் சந்நிதியில் நஞ்சைப் பற்றிப் பேசுவதற்குத் தடை ஏதும் இருக்காது என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். விழுங்கிய நஞ்சைத் தொண்டையிலேயே நிறுத்தும் ஆற்றல் அப்பெருமானுக்கு மட்டுமே உண்டு. நமக்கு அது வாய்க்காது என்பதனை என் வாழ்வில் மிகுந்த விலை கொடுத்துக் கற்றேன்.

1981ஆம் ஆண்டு. தென் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். தோட்டத்து மக்கள் என்னை டிரசர் ஐயா என்பார்கள். ஒரு நாள் விடியற்காலையில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனை அவன் தாயார் லயத்திலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "ராத்திரி சாப்பிட்ட கருவாடு ஒத்துக்கலைங்க ஐயா" என்றார். பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு தோல் உரிந்தாற்போல் சிவந்திருந்தது. சூடாக ஏதும் குடித்தாயா என்று கேட்டேன். தாயார் முந்திக்கொண்டு ஆமாம் என்றார். நான் உப்பு நீர் கொடுத்து மீண்டும் வாந்தி எடுக்க வைத்தேன். அன்று அதுதான் வழக்கம். பிறகு வயிற்று மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான் என்று கேட்டு மகிழ்ந்தேன்.

நான்காம் நாள் அவனுக்குச் சிறுநீர் நின்றது. மூச்சு வாங்கத் தொடங்கியது. தோட்டத்து லோரியில் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பன்னிரண்டாம் நாள் அவன் இறந்தான். களைக்கொல்லிப் புட்டியைக் கோழிக் கூண்டின் பின்னால் ஒளித்து வைத்திருந்ததாகத் தாயார் அதன் பிறகே சொன்னார். போலீஸ் வரும், பிள்ளையைச் சிறையில் போடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. எனக்கு அப்படி ஓர் அச்சமும் இல்லை. அந்த நாக்கைப் பார்த்தும் இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் பாரகுவாட் என்னும் அந்த மருந்துக்கு மாற்று மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் வயிற்றில் நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் மண்ணும் கரியும் பயன்படக்கூடிய முதல் சில மணி நேரம் என் மருந்தகத்து வாங்குப் பலகையிலேயே வீணாயிற்று.

பாரகுவாட்டை நம் நாட்டு அரசாங்கம் 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் அத்தடையைத் தளர்த்தி, இறுதியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்தது. செம்பனையும் பால் மரமும் வளர்த்த நம் பெண்கள் எத்தனை ஆண்டுகள் அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தார்கள் என்று நினைத்தால் இந்தத் தடை வெகு தாமதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தடை வந்த பின்னும் பழைய புட்டிகள் எந்தக் கொட்டகையில் கிடக்கின்றன என்று யார் அறிவார்? உங்கள் வீட்டுப் பின்புறத்தில் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த பெயர் தெரியாத திரவம் எதுவும் இருந்தால், திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன்பே அதனை அடையாளம் காணுங்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவது பெரும்பாலும் அத்தகைய புட்டிகளின் வழியாகத்தான்.

நஞ்சுண்டவரை எப்படி அறிவது? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. ஆயினும் உடம்பு பேசும். வாயில் எரிச்சலும் உதட்டில் புண்ணும் எச்சில் விழுங்க இயலாமையும் இருந்தால், அரிக்கும் திரவம் ஏதேனும் உள்ளே சென்றிருக்கலாம். கண்மணி ஊசி முனைபோல் சுருங்கி, வாயில் நீர் ஊற்றெடுத்து, வேர்த்து விறுவிறுத்து, தசைகள் துடித்து, மூச்சில் கரகரப்பு இருந்தால் பூச்சிக்கொல்லியை நினையுங்கள். கண்மணி சுருங்கி மூச்சு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால் அபின் வகை மருந்தாகவோ போதைப் பொருளாகவோ இருக்கலாம். கண்மணி விரிந்து, உடல் காய்ந்து சிவந்து, இல்லாததைப் பார்த்துப் பிதற்றினால் ஊமத்தை போன்றவை. எவ்விதக் காரணமும் தெரியாமல் நல்லவராயிருந்தவர் திடீரென்று குழம்பினாலோ, வலிப்பு கண்டாலோ, சுற்றுமுற்றும் கண்ணோட்டம் விடுங்கள். காலிப் புட்டி, கிழிந்த மாத்திரை அட்டை, விநோதமான வாடை ஆகிய மூன்றும் மருத்துவரின் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஏதும் தெரியாமல் நலமாக இருப்பவரும் ஆபத்தில் இருக்கலாம். இது எனக்கு அந்த இளைஞன் கற்பித்த பாடம். பாரசிட்டமோல் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் சிரித்துப் பேசுவார். ஈரல் கெடுவது அதன் பிறகுதான் தெரியவரும். அதற்கு நல்ல மாற்று மருந்து உண்டு, எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிக நன்று. கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனோலும் இவ்வாறே. குடித்தவுடன் சாதாரண போதைதான். அரைநாளோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்கும், மூச்சு வேகமெடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். ரத ஊர்வலத்திற்குக் குடித்துவிட்டு வருகின்றவர்களைத் தடுக்க வேண்டியது செயலவையின் வேலை. மறுநாள் ஒருவர் கண் தெரியவில்லை என்று சொன்னால் அவரைத் திட்டாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியது நம் வேலை.

அடுத்து, நம் அன்னதானக் கூடத்திற்கு வருகிறேன். அன்னதானம் உண்டு பலருக்கு வயிறு கெட்டுப் போவது புதிதன்று. ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். கெட்டுப்போன உணவில் உள்ள கிருமிகளும் அவை விடும் நஞ்சும் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை எடுத்துக்கொண்டு வேலை செய்யும். வெளியிலேயே ஆற விட்ட சோற்றில் பெருகும் பசில்லஸ் சீரியஸ் கூட வாந்தியை உண்டாக்க ஒரு மணி முதல் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவ்வாறன்றிப் பந்தியில் அமர்ந்தவர்கள் இலையை மடிக்கும் முன்பே ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்து, எச்சில் வடித்து, நடுங்கி விழுந்தால் அதனைச் சாதாரண உணவுக் கோளாறு என்று கருதவே கூடாது.

கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த சுள்வாடி என்னும் சிற்றூரில் மாரம்மா கோயில் ஒன்று உள்ளது. 2018 டிசம்பர் 14ஆம் தேதி அங்கே வழங்கிய பிரசாத அன்னத்தில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 17 பேர் இறந்தனர். அது நம்மைப் போன்ற எளிய பக்தர்கள் கூடிய இடம். இதனைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. சமையற்கூடத்தில் மாவும் எண்ணெயும் இருக்கும் அலமாரியில் எறும்பு மருந்தையும் கரப்பான் மருந்தையும் வைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருடமும் பார்த்தேன். எந்த ஆலயம் என்று கேட்காதீர்கள். உணவில் வாடையோ கசப்போ தெரிகிறது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் பரிமாறுவதை அக்கணமே நிறுத்துங்கள். உபயக்காரர் மனம் புண்படுமே என்று தயங்காதீர்கள். மிச்ச உணவைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள், ஆய்வுக்கு அது வேண்டும்.

இனிச் சந்நிதிக்கு உள்ளேயே இருக்கும் நஞ்சு. சூடத்தைச் சொல்கிறேன். வெள்ளை வெளேரென்று மிட்டாய்போல் இருக்கும் அந்த வில்லையைத் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. கற்பூரம் குடலில் மிக விரைவாக ஏறும். சில நிமிடங்களிலேயேகூட, முன்னறிகுறி இல்லாமல் வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சின்னஞ்சிறு குழந்தையின் உயிருக்கு உலை வைத்ததாக மருத்துவ நூல்களில் உண்டு. குழந்தையின் வாயில் சூட வாடை வீசினால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டா. வாயில் மிச்சமிருப்பதை விரலால் துடைத்தெடுத்துவிட்டு உடனே புறப்படுங்கள். தலைவலித் தைலங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தூய விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருக்கும் சாலிசிலேட், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். பாட்டிமார்கள் தைலப் புட்டியைப் பேரப்பிள்ளையின் கையில் விளையாடக் கொடுப்பதை இன்றோடு நிறுத்தினால் நான் இங்கு வந்த பயன் கிட்டிவிடும்.

பூக்களிலும் நஞ்சு உண்டு. அரளியின் இலை, பூ, காய், வேர் அனைத்தும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் கொடிது. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் வாரியங்கள், தம் ஆலயங்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைப் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டன. அரளி இலையை மென்றதாக ஐயுறப்பட்ட ஓர் இளம் பெண்ணின் மறைவே அதற்குத் தூண்டுதலாயிற்று. அரளி மாலையை மூலவருக்குச் சாத்துவதை நான் குறை சொல்லவில்லை, மாலையாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. பிரசாதத் தட்டில் அதன் இதழ் உதிராமலும், தீர்த்தச் செம்பில் அது மிதக்காமலும் குருக்கள் ஐயா பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையும் அவ்வாறே.

மூச்சின் வழியாக ஏறும் நஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிவறை கழுவும்போது வெளுப்பு நீரையும் அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மின் இயக்கியை மண்டபத்தின் உட்புறமாக வைத்து ஓட்டினால் கார்பன் மோனோக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே அறையில் நால்வருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது கண் திருஷ்டி அன்று, கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள். கழிவுத் தொட்டியிலோ கிணற்றிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் குதிப்பவரும் விழுவார். தீயணைப்புப் படையினர் வரும்வரை மேலேயே நின்று, கயிறு இருந்தால் இழுங்கள், இறங்காதீர்கள். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றே நஞ்சாகும்போது முதலுதவி என்பது முதலில் காற்று வரும் திசைக்கு ஒதுங்குவதுதான்.

ஆகவே, உதவச் செல்பவர் முதலில் தம்மைக் காக்க வேண்டும். இது தன்னலம் அன்று, இரண்டாவது நோயாளி உருவாகாமல் தடுப்பதாகும். பூச்சிக்கொல்லி நனைந்த சட்டையை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையென்றால் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டையைக் கத்தரித்துக் கழற்றி, உடலை நீரும் சவர்க்காரமும் கொண்டு நன்கு கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். இந்த இருபது நிமிடத்தைப் பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகின்றார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.

மயங்கியிருப்பவர் மூச்சு விடுகிறாரென்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வெளியே வடியும்படி முகத்தைச் சாய்த்து வையுங்கள். மல்லாந்து கிடப்பவர் தம் வாந்தியிலேயே மூச்சடைத்து இறக்கலாம். மூச்சே இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊதும்போது அவர் உதட்டிலுள்ள நஞ்சு உங்களுக்கு வரும், ஆகையால் தடுப்பு முகமூடி இல்லாவிட்டால் மார்பழுத்தம் மட்டும் போதும். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 999க்கு அழைக்கட்டும். நோயாளி விழிப்போடு இருந்து என்ன செய்வது என்று தெரியாவிட்டால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த எண்ணை அன்னதானக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அழைப்பவர் நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: எதை உட்கொண்டார், எவ்வளவு, எப்போது, இப்போது எப்படி இருக்கிறார். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வெள்ளையாக இருந்தது, நீலமாக இருந்தது என்று ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட, சிட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது நூறு மடங்கு மேல். மருத்துவமனைக்குப் போகும்போதும் அந்தப் புட்டி உடன் போகட்டும்.

அடுத்து, வாந்தி. என்னைப் போன்றவர்கள் ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கற்பித்ததை நானே மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். உப்பு நீர், சோப்பு நீர், புளிக்கரைசல், பச்சை முட்டை, தேங்காய்ப்பால் எதுவும் வேண்டா. அரிக்கும் திரவம் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை வேகவைக்கும். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் புகும். அதன் கொடுமை வயிற்றைவிட நுரையீரலில்தான். உப்பு நீரோ, குழந்தையின் இரத்தத்தில் உப்பை ஏற்றித் தானே ஒரு நஞ்சாகிவிடும். அமிலம் குடித்தவருக்குச் சுண்ணாம்பு நீர் கொடுத்து முறிக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது பள்ளிக்கூட ஆய்வகத்துக் கணக்கு, உடம்பு கண்ணாடிக் குழாய் அன்று. விழிப்போடு இருப்பவர் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். மருத்துவரோ நஞ்சு மையமோ சொன்னாலன்றி வேறெதையும் விழுங்கக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்றை, தாய்மார்களிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தாயார் என்னிடம் பொய் சொன்னது பிள்ளையின் மீதிருந்த பாசத்தால். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இந்தச் செய்தி இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. உண்மையைச் சொன்னால் இன்று எவரும் உங்கள் பிள்ளையைச் சிறையில் போட மாட்டார்கள். நஞ்சு அருந்தியவரிடம் ஏன் செய்தாய், குடும்ப மானம் போயிற்றே என்று அந்நேரத்தில் கேட்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, எதைக் குடித்தாய் கண்ணு, எப்போது குடித்தாய் என்று மட்டும் கேளுங்கள். தொண்டர்களே, நீங்களும் மக்கள் முன்னிலையில் இதைக் கேட்காமல் ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று கேளுங்கள், முதல் பதிலோடு நிற்காமல் இரண்டாம் முறையும் கேளுங்கள். மனம் உடைந்து பேசத் துணை தேடுவோருக்கு 03-76272929 என்ற எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இரவு பகல் பாராமல் காது கொடுக்கின்றார்கள். அவ்வெண்ணும் சுவரில் இருக்கும்.

அந்தத் தாயார் இன்னும் இருக்கிறார். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். தைப்பூசத்தன்று என்னைக் கண்டால், டிரசர் ஐயா என்று கூப்பிட்டு விபூதி பூசிவிடுவார். நாங்கள் இருவரும் அந்தக் கருவாட்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் பின்புறத்தில் பாய் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும் மார்பழுத்துவதையும் அங்கே காட்டுகிறேன். அன்னதானப் பிரிவினர் முதலில் வாருங்கள், இரவு உணவுக்கு நீங்கள்தான் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியவர்கள்.